கொடியை விற்று மூட்டை வாங்கும் கூத்து

தை, மாசியில் விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கம் போனீர்களானால் மக்காச்சோளம் ஏற்றிய லாரிகளைப் பார்க்கலாம். நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் தீவன ஆலைகளுக்குப் போகிற சரக்கு. அதே ஊர்களுக்குப் பங்குனி, சித்திரையில் போனால் எதிர்த் திசையில் வேறு லாரி வரும். அது மூட்டைத் தீவனம். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் முக்கியச் சரக்கு என்ன? அதே மக்காச்சோளம்தான். நம் காட்டில் விளைந்தது இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய், அரைபட்டு, குச்சியாகப் பிழியப்பட்டு, கொழுத்த ஆட்டுப் படம் போட்ட பைக்குள் புகுந்து, நம்மிடமே திரும்பி வருகிறது. போன விலைக்கும் வந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்கியவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டைத் தீவனம் விஷம் என்று சொல்ல வரவில்லை. பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு அது வேண்டும். நான் சொல்வது வேறு. வானம் பார்த்த பூமியில், பால் மறந்த செம்மறிக் குட்டியைக் கறிக்காகத் தேற்றுவதற்கு மூட்டையை முதல் தீவனமாக்குவது நஷ்டக் கணக்கு. அதை லாபக் கணக்கு என்று எழுதிக் கொடுப்பவர்கள் ஒன்று கணக்குத் தெரியாதவர்கள், இல்லையென்றால் நன்றாகவே தெரிந்தவர்கள். முப்பத்தொரு வருஷம் இந்தக் கரிசல், செவல் காடுகளில் கால்நடை மருத்துவராகச் சுற்றியவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

முதலில் குட்டி எப்படிக் கைமாறுகிறது என்று பார்ப்போம். கார்த்திகை, மார்கழியில் பிறந்த குட்டி மாசி, பங்குனியில் பால் மறக்கும். அப்போது எடை பத்து, பன்னிரண்டு கிலோ இருக்கும். அந்த நேரம் பார்த்துக் காட்டில் மேய்ச்சல் தீர்ந்துவிடும். அறுத்த புஞ்சையில் கிடந்த தாளையும் ஆடுகள் நக்கி முடித்திருக்கும். தாய் ஆடே எலும்பும் தோலுமாக நிற்கும்போது குட்டிக்கு என்ன கிடைக்கும்? வியாபாரி பட்டிக்கே வருவார். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப் போனாலும் இதே கதைதான். பன்னிரண்டு கிலோ குட்டி கைமாறும். வாங்கினவர் மூன்று மாசம் வைத்திருந்து இருபது கிலோவாக்கி, ஆடிக் கொடைக்கோ பக்ரீத்துக்கோ தள்ளிவிடுவார். பெற்று, காத்து, நரிக்கும் நாய்க்கும் கொடுக்காமல் வளர்த்தவனுக்குப் பன்னிரண்டு கிலோ. கடைசி எட்டுக் கிலோ இன்னொருவருக்கு. ஆட்டுத் தொழிலில் காசு இருப்பது அந்த எட்டுக் கிலோவில்தான்.

'மேய்ச்சல் இல்லையே சார், என்ன செய்ய?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் காலண்டரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குட்டி பால் மறக்கிற அதே மாசி, பங்குனியில் நம் ஊரில் என்ன நடக்கிறது? உளுந்தும் பாசியும் அடித்து முடித்திருக்கும். களத்தில் உளுந்தஞ்சக்கை மலைபோலக் கிடக்கும். சோளத்தட்டை, கம்பந்தட்டை அறுத்திருக்கும். விருதுநகர், தூத்துக்குடி பருப்பு மில்களில் புது உளுந்தும் துவரையும் உடைபட்டுப் பொட்டு வந்துகொண்டிருக்கும். கிணறு இருக்கிற செவல் காட்டில் கொஞ்ச நாளில் கடலை பிடுங்குவார்கள். கோடை முற்றினால் கண்மாய்க்குள் சீமைக்கருவேல் காய் மஞ்சளாகி உதிரும். வானம் பார்த்த ஊரில் வருஷத்திலேயே தீனி அதிகமாகக் கிடக்கிற காலம் இதுதான். அது பச்சையாக இல்லை, அவ்வளவுதான். பச்சையாகத் தெரியாத எதையும் தீனி என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனசு வருவதில்லை.

அந்தத் தீனியை நாம் என்ன செய்கிறோம் தெரியுமா? கடலைக்கொடியை வெளியூர் லாரிக்கு ஏற்றிவிடுகிறோம். உளுந்தை மெஷின் வைத்து அடிப்பதால் சக்கை காடெங்கும் சிதறிக் காற்றோடு போகிறது. மக்காச்சோளத் தட்டையை ரோட்டவேட்டர் விட்டு மடக்குகிறோம், அல்லது தீ வைக்கிறோம். மடக்கினால் மண்ணுக்காவது போகும். தீ வைத்தால் யாருக்கு என்ன லாபம்? சாயங்காலம் அந்தப் புகைக்கு நடுவில், மூட்டை ஒன்றைப் பைக்கில் குறுக்கே போட்டுக்கொண்டு ஒருவர் வருவார். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

'சக்கையில் என்ன சார் சத்து இருக்கு?' என்பது அடுத்த கேள்வி. வைக்கோலை மனசில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்குதான். சோளத்தட்டையும் ஏறத்தாழ அதே ஜாதி, கொஞ்சம் மேல். ஆனால் இலையோடு காய்ந்த கடலைக்கொடியில் எட்டிலிருந்து பத்து வரை இருக்கும். பயறு வகைச் செடிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கிறவை. அதன் பலன் கொடியிலும் தெரியும். சீமைக்கருவேல் காயில் பத்துக்கு மேல். அதோடு சர்க்கரையும் நிறைய. அதனால்தான் ஆடு அதைத் தேடித் தேடித் தின்கிறது. உளுந்தம்பொட்டில் இன்னும் கூடுதல். புண்ணாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றை ஒன்றாகச் சேர்த்தால் குட்டிக்கு வேண்டிய பதின்மூன்று, பதினான்கு சதவீதப் புரதம் தாராளமாக வந்துவிடும்.

நான் ஊர் ஊராகச் சொல்லிவந்த கலவை இது. நூறு கிலோவுக்கு நறுக்கிய கடலைக்கொடி 45, அரைத்த சீமைக்கருவேல் காய் 20, உளுந்தம்பொட்டு அல்லது துவரம்பொட்டு 15, கடலைப் புண்ணாக்கு 12, உடைத்த மக்காச்சோளமோ சோளமோ கம்போ 5, தாது உப்பு 2, கறியுப்பு 1. கடலைக்கொடி இல்லாத கரிசல் ஊரில் உளுந்தஞ்சக்கை போடலாம். அப்போது புண்ணாக்கை ஒன்றிரண்டு கிலோ ஏற்றிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு கிலோ குட்டியிலிருந்து இருபது கிலோ வரைக்கும் சராசரியாக நாளைக்கு 650 கிராம் தின்னும். தொண்ணூறு நாளைக்கு அறுபது கிலோ. ஏழு, எட்டுக் கிலோ தின்றால் ஒரு கிலோ எடை ஏறும் என்று வைத்தாலும் குட்டிக்கு ஏழெட்டுக் கிலோ கூடிவிடும். இதே குட்டி பங்குனி வெயிலில் பத்து மைல் நடந்து மேய்ந்தால் ஏறுகிறதையும் நடையிலேயே இறக்கிவிடும்.

பத்துக் குட்டிக்கு மொத்தம் 600 கிலோ கலவை. அதில் கொடி 270 கிலோ. ஒரு ஏக்கர் கடலையில் கொடி சுமாராக வந்தாலே இதற்கு மேல் கிடைக்கும். காய் 120 கிலோ. வீட்டில் இரண்டு பேர் சில நாள் காலையில் கண்மாய்க்குள் போய்ப் பொறுக்கினால் முடிந்தது. பொட்டு 90 கிலோவும் புண்ணாக்கு 72 கிலோவும் தாது உப்பும்தான் காசு போட்டு வாங்க வேண்டியவை. மூட்டைத் தீவனமே கொடுத்தால் குட்டி இன்னும் கொஞ்சம் வேகமாக ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தையில் நமக்கு மிஞ்சுவது வேகத்துக்கான காசு இல்லையே! ஒரு கிலோ எடை ஏற்ற எவ்வளவு செலவானது என்பதுதான் கணக்கு. கிலோ முப்பது ரூபாய்த் தீவனம் ஆறு கிலோ தின்றால் 180 ரூபாய். கிலோ பதினான்கு ரூபாய்க் கலவை எட்டுக் கிலோ தின்றால் 112 ரூபாய். விலை ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இப்போது சீமைக்கருவேலுக்கு வருவோம். இந்த மரத்தின் பெயரைச் சொன்னாலே சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. 2017-ல் நீதிமன்ற உத்தரவை அடுத்து ஊரெங்கும் ஜேசிபி வைத்துப் பிடுங்கினோம். பிறகு என்ன ஆயிற்று? ராமநாதபுரம், முதுகுளத்தூர், கமுதி பக்கம் போய்ப் பாருங்கள், மரம் அப்படியே நிற்கிறது. நான் மரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. அது கண்மாயைக் கெடுக்கிற மரம்தான். ஒருநாள் முழுக்க ஒழிந்தால் சந்தோஷம். ஆனால் நிற்கிற வரைக்கும் அது உதிர்க்கிற காயை யார் தின்ன வேண்டும்? பொறுக்கி அரைத்துப் போட்டால் மரம் பரவுவது குறையும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆடு காயை முழுசாகத் தின்றால் கெட்டி ஓட்டுக்குள் இருக்கிற விதை பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே புழுக்கையோடு வெளியே வரும். நாம் கிடை போடுகிற புஞ்சையெல்லாம் கன்றாக முளைக்கும். அரைத்துவிட்டால் விதை செத்தது, அதிலிருந்த புரதமும் ஆட்டுக்குக் கிடைத்தது. ஆகவே, காயைத் தீனியாக்கு என்று சொல்கிறவன் மரத்தை வளர்க்கச் சொல்கிறவன் அல்ல.

ஒன்று மட்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இதே மரக்காயையே பல மாசம் தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு பாதிக்கப்பட்டு, மெல்ல முடியாமல் தாடை தொங்கிப்போனதைப் பிரேசில் நாட்டில் கண்டிருக்கிறார்கள். அளவோடு என்றால் மருந்து.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கைபேசியில் வீடியோ போடுகிறவர்கள். கமுதியில் கிணறே இல்லாத ஒரு மனிதரிடம் 'கம்பு நேப்பியர் போடுங்கள், ஆடு வளர்ப்பில் லட்சாதிபதி ஆகலாம்' என்பார்கள். அந்தப் புல்லுக்கு வாரத்துக்கு வாரம் தண்ணீர் வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைக்கிற ஊர் அது. அடுத்தவர் மண்ணில்லாத் தீவனம் என்று தட்டு தட்டாக மக்காச்சோளத்தை முளைக்க வைத்துக் காட்டுவார். ஒரு கிலோ விதையில் ஐந்தாறு கிலோ பச்சை! பார்க்கிறவர் வாயைப் பிளப்பார். அதில் ஏறினது தண்ணீர், ஐயா. அந்தப் பச்சையைக் காயவைத்து நிறுத்தால் போட்ட ஒரு கிலோவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். முளைக்கிற விதை தன் சத்தை எரித்துத்தானே முளைக்கிறது? அசோலாவும் அப்படித்தான். ஒரு கிலோவில் ஐம்பது, எழுபது கிராம் தவிர மீதி தண்ணீர். தொட்டியைச் சித்திரை வெயிலில் வற்றாமல் காப்பது தனி வேலை. தண்ணீர் உள்ள ஊரில் இவற்றை யாரும் செய்யட்டும். வறண்ட ஊரில் தண்ணீரைத் தீனியாக விற்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

வங்கிக் கடன் வழியாகவும் இந்த வியாதி பரவுகிறது. இருபது ஆடு, ஒரு கிடா என்று கடனுக்குத் திட்ட அறிக்கை கேட்பார்கள். அதை டைப் அடித்துக் கொடுக்க டவுனில் ஆள் இருக்கிறார். காவிரிக் கரைக்கும் கமுதிக்கும் ஒரே அறிக்கைதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். தீவனச் செலவு என்ற வரியில் மூட்டையும் பசும்புல்லும் இருக்கும். கொடி, சக்கை, காய் எதுவும் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இப்படிக் கடன் வாங்கி ஆடு பிடித்தவர். ஒரு நாள் கேட்டார்: "டாக்டரய்யா, ஆட்ட வாங்க ரூவா குடுத்தாக. அது வருஷம் முச்சூடும் என்னத்தத் திங்கும்னு ஒருத்தருங் கேக்கலையே?" அதற்குள் தீவனக் கடையில் பாக்கி ஏறியிருந்தது. பால் மறந்த குட்டிகளைப் பாக்கிக்காகக் கடைக்காரர் சொன்ன விலைக்கே விட்டார். மறு வருஷம் சக்கையைக் கட்டி வீட்டுக் கொல்லையில் போர் வைத்தார். கடைக்காரருக்கு அவர் மேல் இன்றைக்கும் வருத்தம் என்று கேள்வி.

ஆராய்ச்சிக்காரர்களையும் சும்மா விடுவதற்கில்லை. புது ரகம் வெளியிடுகிறார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை காய், எண்ணெய் எவ்வளவு, நோய் தாங்குமா என்றெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் இருக்கிறது. கொடி எப்படி இருக்கும், ஆடு தின்னுமா, செரிக்குமா என்று ஒரு வரி இருக்காது. மானாவாரி விவசாயிக்கு மழை பொய்த்தால் காய் இல்லை, கொடி மட்டுமே விளைச்சல். அந்த விளைச்சலை அளக்காமலே ரகத்துக்கு மார்க் போடுகிறோம். முடியாத காரியமும் இல்லை இது. ஹைதராபாத் பக்கம் பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட், கால்நடை ஆராய்ச்சிக்காரர்களோடு சேர்ந்து சோளத்தட்டையையும் கடலைக்கொடியையும் ரகம் ரகமாகச் சோதித்தது. ரகத்துக்கு ரகம் தட்டையின் தரம் நிறைய மாறுகிறது, தானியத்தை இழக்காமலே நல்ல தட்டையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று காட்டியது. மழை குறைந்த அனந்தப்பூர் மாவட்டத்தில் ஐசிஜிவி 91114 என்ற கடலை ரகம் காய்க்காக மட்டுமல்ல, கொடிக்காகவும் விவசாயிகளுக்குப் பிடித்துப்போனது. அனந்தப்பூருக்குத் தெரிந்தது அருப்புக்கோட்டைக்குத் தெரியக்கூடாதா?

வெளிநாட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். சிரியாவில் அலெப்போ பக்கம் 1977-ல் தொடங்கிய இகார்டா என்ற வறண்ட நில ஆராய்ச்சி நிலையம், மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் செம்மறிக்காரர்களிடம் எதை எடுத்துக்கொண்டு போனது? ஆலிவ் எண்ணெய் பிழிந்த சக்கை, கோதுமைத் தவிடு, சர்க்கரைப் பாகுக் கழிவு, ஈராக்கில் பேரீச்சம்பழக் கழிவு. கொஞ்சம் யூரியா, உப்பு, கெட்டிப்பட சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்து அச்சில் அமுக்கி, ஆடு நக்கித் தின்னும் கட்டியாக்கினார்கள். அடுப்பு கூட வேண்டாம். அவர்கள் ஊரில் எது வீணாகக் கிடந்ததோ அது. நாம் அதைப் பார்த்து ஆலிவ் சக்கைக்கு அலைய வேண்டியதில்லை. (அலைவதற்கும் ஆள் இருக்கிறார்கள், சந்தேகமில்லை.)

சும்மா கிடக்கிறதே என்று எதையும் எடுத்துப் போட்டுவிடவும் கூடாது. என் சர்வீஸில் குட்டிகள் செத்ததில் பாதிக்கு மேல் பசியால் இல்லை, தீனியால். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலைக்கொடியும் புண்ணாக்கும் ஈரலைத் தின்றுவிடும். முகர்ந்து பாருங்கள், பழைய நிலவறை வாடை வந்தால் எருக்குழிக்கு அனுப்புங்கள். பூச்சி மருந்தில் குளித்த பருத்திமாரும் மிளகாய்ச் செடியும் வேண்டவே வேண்டாம். மேய்ச்சலில் இருந்த குட்டியை ஒரே நாளில் கலவைக்கு மாற்றினால் துள்ளுமாரி வந்து காலையில் விறைத்துக் கிடக்கும். பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். குடற்புழு மருந்தும் துள்ளுமாரி தடுப்பூசியும் ஆரம்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும். தவிடு மலிவு என்று அதையே கொட்டினால் கிடாக்குட்டிக்குக் கல் அடைத்து ஒன்றுக்குப் போக முடியாமல் முக்கும். தவிட்டில் மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கொடியும் சக்கையும் சேர்ந்தால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். பக்கத்துப் பண்ணையில் மிஞ்சியது என்று கோழித் தீவனத்தையோ பன்றித் தீவனத்தையோ வாங்கிப் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரத்தைச் செம்மறி தாங்காது. ஈரலில் சேர்ந்து சேர்ந்து, ஒரு நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய்ச் செத்துவிடும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும். மூட்டை விற்க நூறு கடை இருக்கிறது.

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? விவசாயி சோம்பேறி என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். காய் பொறுக்குவது கஷ்டமில்லை. அரைப்பதுதான் கஷ்டம். சர்க்கரை இருப்பதால் ஈரக்காய் பாகு மாதிரி மிஷினில் ஒட்டும். உச்சி வெயிலில் காயவைத்து, உடைத்தால் படக்கென்று ஒடிகிற பதத்தில், சூட்டோடு அரைக்க வேண்டும். மிளகாய் அரைக்கிற மில்லில் கேட்டால் துரத்துவார். கொடியை நறுக்கவும் மிஷின் வேண்டும். ஒரு ஆள் தனக்காக இதையெல்லாம் வாங்க முடியாது. ஊருக்கு ஒரு பல்வரைசர், ஒரு தட்டை வெட்டும் மிஷின், மழை படாத ஒரு கொட்டகை, தாது உப்பு வாங்கி வைக்க ஒரு பீரோ. பால் சொசைட்டி கட்டடத்தை ஒட்டியே போடலாம். மகளிர் குழுவிடம் ஒப்படைத்தால் காய் பொறுக்குகிற கூலியும் அரவைக் கூலியும் ஊருக்குள்ளேயே சுற்றும். மானியத்தில் பரண் மேல் ஆடு, கம்பிவேலி என்று எவ்வளவோ கொடுக்கிறார்கள். ஆடு நிற்கிற இடத்துக்குக் கொடுக்கிற காசில் கால்பங்கு அது தின்கிறதற்குக் கொடுத்தால் போதும். வருகிற கிராமசபையில் இதை எழுதிக் கொடுங்கள், தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நான் எங்கள் ஊரில் மூன்று தடவை கொடுத்திருக்கிறேன். நாலாவதும் கொடுப்பேன்.

அதுவரைக்கும் சித்திரைக் கடைசிக்குள் காயைப் பொறுக்கிவிடுங்கள். கோடை மழை பட்டால் கறுத்துப் போகும், நாள் தள்ளினால் வண்டு துளைத்துவிடும். அரைக்க வழியில்லாதவர்கள் நன்றாகக் காயவைத்து, கல்லுரலில் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துப் பாருங்கள். பத்துக் குட்டிக்கு அது போதும்.